டீத்தூளைக் கொதிக்க விடும் முன் ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள்

ஊட்டிக்குப் போனபோது ஒரு கடையில் "இது எக்ஸ்போர்ட் குவாலிட்டி சார், இலையைப் பாருங்க எவ்வளவு பெருசு" என்று சொல்லி ஒரு பாக்கெட்டைத் தலையில் கட்டினார்கள். பெரிய இலை என்றால் உசத்தி என்று எனக்கும் அப்போது ஒரு நினைப்பு. வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்த்தால் பாதி பழுப்புக் காம்பு, மீதி சருகு மாதிரி தட்டை தட்டையான இலை.

ஓ.பி., பி.ஓ.பி., டஸ்ட் என்று பாக்கெட்டில் போடுகிறார்களே, அதெல்லாம் முக்கியமாகச் சல்லடைக் கணக்கு. பெரிய துண்டு, உடைந்த துண்டு, தூள், அவ்வளவுதான். டஸ்ட் என்றால் ஃபேக்டரியில் கூட்டி அள்ளிய குப்பை என்று நினைக்க வேண்டாம். சீக்கிரம் சாறு இறங்கி, பாலுக்குத் தாங்கும் நிறம் கொடுப்பதால்தான் நம்ம ஊர் டீக்கடைகளில் அதைத் துணி வடிகட்டியில் போட்டு ஆற்றுகிறார்கள். அதனால் டஸ்ட்டை டஸ்ட்டோடுதான் ஒப்பிட வேண்டும், இலைத் தேயிலையோடு அல்ல.

சரி, எப்படிப் பார்ப்பது? இரண்டு ஸ்பூன் எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி ஜன்னல் ஓரம் வையுங்கள். டியூப்லைட்டில் எல்லாத் தூளும் கறுப்பாகத்தான் தெரியும். டீ ருசி பார்க்கும் அறைகளில் வடக்குப் பக்கம் ஜன்னல் வைப்பது வழக்கம், நேர் வெயில் விழாமல் வெளிச்சம் ஒரே சீராக வரும் என்பதால். முதலில் என்ன ரகம் என்று பாருங்கள். உருண்டையான சின்னக் குருணை என்றால் சி.டி.சி., பல் வைத்த உருளைகளுக்கு நடுவே நசுங்கிக் கிழிந்து சுருண்டு வந்தது. நீலகிரியில் பெரும்பகுதி இதுதான். முறுக்கின நூல் மாதிரி இருந்தால் ஆர்த்தடாக்ஸ், அதாவது வாட்டின இலையைப் பழைய முறையில் உருட்டி முறுக்கிச் செய்தது, இலங்கையில் அதிகம் செய்வது.

இப்போது தாளை இரு கையாலும் பிடித்து, முறத்தில் அரிசி கொழிப்பதுபோல மெதுவாகச் சுற்றி ஆட்டுங்கள். கனமான தூள் அடியில் இறங்கி, லேசான தட்டை இலையும் நாரும் மேலே வந்து நிற்கும். அந்த மேல் பகுதியில்தான் குட்டு வெளிப்படும். செம்பழுப்பு நார் நிறைய இருந்தால் ரெண்டு இலை ஒரு மொட்டு என்று கொழுந்தாகப் பறிக்காமல் முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்து வாரியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, எந்த ஃபேக்டரியிலும் தப்பி வரும். ஆர்த்தடாக்ஸில் சுருளாமல் விரிந்து கிடக்கும் துண்டுகள் அதிகம் என்றால் இலையைச் சரியாக வாட்டாமல் உருட்டியிருக்கலாம், அல்லது உருட்டினாலும் சுருளாத அளவுக்கு இலை முற்றியிருக்கலாம்.

அடுத்தது நிறம். வெறும் கறுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், மினுமினுப்பைப் பாருங்கள். உருட்டும்போது இலையின் சாறு வெளியே வந்து மேலே படிந்து காய்வதால் வருகிற மெல்லிய பளபளப்பு அது. சலிக்கும்போது அதிகம் உரசிவிட்டால் அந்தப் படலம் போய், தூள் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். சில துண்டுகள் அப்பளம் பொரிந்ததுபோல உப்பியிருந்தால் காயவைக்கும்போது சூடு ஏறிப்போச்சு. ஆர்த்தடாக்ஸில் பொன்னிறத்தில் தெரியும் நுனிகள் மொட்டுகள். அழகுதான், நல்ல பறிப்புக்கும் அடையாளம், ஆனால் டீ ஸ்ட்ராங்காக இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. சி.டி.சி.யில் மொட்டைத் தேடவே வேண்டாம். அதில் குருணை எல்லாம் ஒரே அளவாக இருக்கிறதா, அழுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அப்புறம் கை. ஒரு துண்டை விரலில் நசுக்கினால் மொறுக்கென்று உடைய வேண்டும். ஃபேக்டரியை விட்டு வரும்போது ஈரம் சுமார் 3 சதவீதம்தான் இருக்கும். வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறிவிட்டது. கொஞ்சம் உள்ளங்கையில் அள்ளி, மூக்கை ஒட்டி வைத்து, வாயால் சூடாக ஊதிவிட்டு உடனே முகர்ந்து பாருங்கள். ருசி பார்ப்பவர்கள் செய்கிற வேலைதான் இது, அந்த வெதுவெதுப்பில் அடங்கிக் கிடக்கும் வாசனை எழுந்துவிடும். புகை, பூஞ்சை, சோப்பு வாடை என எது ஒட்டியிருந்தாலும் அப்போது தெரியும். எங்கள் வீட்டில் ஒருமுறை பெருங்காயம் வாடை வந்தது, அது அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்த என் தப்பு.

கலப்படச் சந்தேகம் இருந்தால் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்லித்தரும் இரண்டு சோதனைகள் வீட்டிலேயே முடியும். தூளின் மேல் காந்தத்தை ஓட்டினால் இரும்புத் துகள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஃபில்டர் பேப்பரில் கொஞ்சம் தூளைத் தூவி, தண்ணீர் தெளித்து, பிறகு பேப்பரைக் குழாயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாயம் ஏற்றிய தூள் என்றால் கறை அப்படியே நிற்கும்.

இவ்வளவு பார்த்தும் மனசு ஒப்பவில்லை என்றால், பால் விடாமல் 100 மில்லி கொதிநீரில் 2 கிராம் போட்டு 6 நிமிஷம் மூடி வைத்து வடிகட்டுங்கள். வடிகட்டியில் நிற்கும் சக்கையைத் தூக்கிப் போடும் முன் பாருங்கள், தேய்த்து வைத்த செம்புக் குடம் மாதிரி நிறம் இருந்தால் வாங்கலாம், மங்கிய பச்சையோ கருப்போ ஓடியிருந்தால் அடுத்த முறை வேறு கடை.