மராவி நகரத்துப் பலாபாவும் பியாபாரன் கோழியும்: முதல்முறை சமைப்பவர்களுக்கு

பிலிப்பைன்ஸ் சாப்பாடு என்றதும் வினிகரில் வேகவைத்த இறைச்சியான அடோபோவும் பன்றி வறுவலும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். புளிப்பும் இனிப்பும் தூக்கலாக இருக்கும், காரமே இருக்காது என்று முடிவு கட்டிவிடுவார்கள். நாட்டின் தெற்கே, மிண்டனாவ் தீவில் இருக்கும் மராவி நகரத்துச் சாப்பாடு அப்படியே வேறு. லனாவ் ஏரியின் வடகரையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊர். வாழ்பவர்கள் பெரும்பாலும் மரானாவ் முஸ்லிம்கள். பன்றி இறைச்சிக்கு அங்கே இடமில்லை. தேங்காய், மஞ்சள், இஞ்சி, மிளகாய் நான்கும் அடுப்படியில் எந்நேரமும் இருக்கும்.

இந்தச் சமையலை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: பலாபாவிலிருந்து. வெங்காய வகை ஒன்றையும் இஞ்சி மிளகாயையும் இடித்து, வறுத்த தேங்காய் சேர்த்துச் செய்வது அது. சோற்றில் பிசைந்து சாப்பிடலாம், பொரித்த மீனுக்குத் தொட்டுக்கொள்ளலாம், குழம்புக்கு அடிப்படையாகவும் போடலாம். மசாலாப் பொடி டப்பாக்கள் எதையும் தேடாமல் ஒரு மரானாவ் வீட்டில் நாலு வகைச் சமையல் நடப்பது இந்த ஒன்றை வைத்துத்தான். பலாபா சரியாக வந்துவிட்டால், தேங்காய்த் துருவலும் பாலும் மஞ்சளும் சேர்த்துச் செய்யும் பியாபாரன் கோழி தானாக வந்துவிடும். அதனால் இந்தப் பதிவில் பலாபாவுக்குத்தான் அதிக இடம்.

முதலில் சகுராப்

பலாபாவின் உயிர் சகுராப். பார்ப்பதற்கு வெங்காயத்தாள் போல இருக்கும். அடியில் சின்ன வெள்ளைக் குமிழ், மேலே மெல்லிய பச்சைத் தாள். மணம் மட்டும் வெங்காயத்தாளைவிடப் பல மடங்கு காட்டம். ஜப்பானில் ஊறுகாய் போடும் ரக்கியோவும் இதே செடிதான். லனாவ் மேட்டுநிலத்தின் குளிர்ச்சி இதற்கு ஒத்துவருகிறது. ஊர்ச் சந்தையில் கட்டுக் கட்டாக, வேர்மண் ஒட்டியபடியே கிடைக்கும்.

நம்மிடம் சகுராப் இல்லை. சின்ன வெங்காயம் 150 கிராமும், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி 100 கிராமும் சேர்த்தால் ஓரளவு நெருங்கி வரும். பெரிய வெங்காயம் வேண்டவே வேண்டாம். நீர் விட்டு, இனித்து, பலாபாவைக் கெடுத்துவிடும். பூண்டும் சேர்க்காதீர்கள், மணம் வேறு பக்கம் போய்விடும்.

மற்றவை: தோல் சீவிய இஞ்சி 50 கிராம், மிளகாய் 12, துருவிய தேங்காய் அரை கப், கல் உப்பு ஒரு டீஸ்பூன், தேங்காய் எண்ணெய் 4 டேபிள்ஸ்பூன். அங்கே போடுவது சிறியதாய், வானத்தைப் பார்த்துக் காய்க்கும் லபுயோ மிளகாய். நம் காந்தாரி மிளகாய்க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டும் ஒரே இனம். பழுத்த சிவப்புக் காந்தாரி கிடைத்தால் நிறமும் அழகாக வரும். காரம் பழகாதவர்கள் 6 மிளகாயில் தொடங்கலாம். அதற்குக் கீழே குறைத்தால் பலாபா என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இடிப்பது

வெங்காயத்தையும் தாளையும் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போக உலர விடுங்கள். அரை மணி நேரம் போதும். ஈரத்தோடு இடித்தால் வதக்கும்போது எண்ணெய் தெறிக்கும், சீக்கிரம் கெட்டும் போகும்.

உரலில் முதலில் மிளகாயும் உப்பும். உப்புக்கல் மிளகாயைப் பிடித்து அரைத்துக் கொடுக்கும். மிளகாய் நசுங்கியதும் மெல்லிய வில்லைகளாக நறுக்கிய இஞ்சி. நார் தெரியாத அளவுக்கு இடியுங்கள். வெங்காயம் கடைசியில், கொஞ்சம் கொஞ்சமாக. இந்த இடத்தில் கை நிதானம் வேண்டும். வெங்காயம் நசுங்கி சாறு விட வேண்டும். ஆனால் கூழாகக் கூடாது. விரலால் எடுத்துப் பார்த்தால் வெள்ளையும் பச்சையும் சிவப்பும் தனித்தனித் துணுக்குகளாகத் தெரிய வேண்டும். கொரகொரப்பான துவையலைவிட இன்னும் ஒரு சுற்றுப் பெரிய பதம் அது.

மிக்ஸிதான் இருக்கிறது என்றால் தண்ணீர் ஒரு சொட்டுகூட விடாமல், விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று ஓட்டி நிறுத்துங்கள். ஒரேயடியாக ஓட விட்டால் வெங்காயம் கசந்துவிடும்.

இந்த நிலையிலேயே அதை அப்படியே சாப்பிடுவதும் உண்டு. பச்சைப் பலாபா. சுடுசோறு, பொரித்த திலாப்பியா மீன், பக்கத்தில் ஒரு ஸ்பூன் இது. மூக்கில் ஏறும் காட்டம்தான் அதன் சுவையே. ஃபிரிட்ஜில் 2 நாளைக்கு மேல் வைக்காதீர்கள்.

தேங்காயும் எண்ணெயும்

அடிகனமான சட்டியில், எண்ணெய் இல்லாமல், சின்னத் தீயில் தேங்காய்த் துருவலைக் கிளறிக்கொண்டே இருங்கள். வெளுத்து, பிறகு பொன்னிறமாகி, கடைசியில் நல்ல பழுப்புக்கு வரும். பொன்னிறத்தில் இறக்கிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. இதற்கு இன்னும் ஒரு நிமிடம் போகட்டும். சூடு ஆறும் முன்பே உரலில் போட்டு இடியுங்கள். துருவல் உதிர்ந்து, ஓரங்களில் எண்ணெய் மினுங்கும். அந்த மினுக்கம் வந்ததும் நிறுத்திவிடலாம்.

இப்போது தேங்காய் எண்ணெயைக் காயவைத்து, இடித்த வெங்காயக் கலவையைப் போட்டு நடுத்தரத் தீயில் வதக்குங்கள். முதலில் நீர் விடும், சத்தம் அதிகமாக இருக்கும். 10 நிமிடம் போல ஆனதும் சத்தம் அடங்கி, கலவை சுருண்டு, எண்ணெய் பிரியும். பச்சை வாசனை போனபின் இடித்த தேங்காயைச் சேர்த்து 2 நிமிடம் கிளறி இறக்குங்கள். உப்பைச் சரிபார்க்க இதுதான் நேரம்.

ஆறியதும் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரம்படாத ஸ்பூனால் எடுத்தால் ஒரு வாரம் வரும்.

பாட்டில் பலாபாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2017 மே 23 அன்று மராவியில் தொடங்கிய போர் 5 மாதம் நீடித்தது. நகரத்தின் மையப்பகுதி இடிந்து தரைமட்டமானது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். உரலும் சட்டியும் சந்தையும் சகுராப் வாங்கிய கடையும் எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. வெளியேறிய பெண்கள் பலர் போன இடத்தில் பலாபா இடித்து, பாட்டிலில் அடைத்து விற்றுப் பிழைத்தார்கள். பிலிப்பைன்ஸுக்குள்ளேயே பலருக்கு இந்தச் சுவை அறிமுகமானது அந்த பாட்டில்கள் வழியாகத்தான். ஒரு சமையலின் செய்முறையைத் தெரிந்துகொள்ளும்போது அதைக் கைவிடாமல் காப்பாற்றியவர்கள் யார் என்பதையும் தெரிந்துகொள்வது நியாயம் என்று நினைக்கிறேன்.

பியாபாரன் கோழி

4 பேருக்கு: நாட்டுக்கோழி முக்கால் கிலோ, எலும்போடு. பலாபா 3 டேபிள்ஸ்பூன். பச்சை மஞ்சள் 2 அங்குலத் துண்டு (இல்லையென்றால் மஞ்சள்தூள் ஒன்றரை டீஸ்பூன்). துருவிய தேங்காய் ஒரு கப், முதல் தேங்காய்ப்பால் ஒரு கப், இரண்டாம் பால் 2 கப். ஒரு தக்காளி, சிவப்பும் பச்சையுமாக ஒவ்வொரு குடமிளகாய், ஒரு தண்டு எலுமிச்சைப்புல், ஒரு பிடி வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி.

கோழியில் உப்பையும் அரைத்த மஞ்சளில் பாதியையும் தடவி 20 நிமிடம் வையுங்கள். சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, 2 ஸ்பூன் பலாபாவைப் போட்டு வாசனை எழுந்ததும் தக்காளி, பிறகு கோழி. கோழியின் நிறம் மாறும்வரை பிரட்டி, மீதி மஞ்சள், நசுக்கிய எலுமிச்சைப்புல், இரண்டாம் பால் சேர்த்து மூடுங்கள். நாட்டுக்கோழிக்கு 40 நிமிடம், பிராய்லர் என்றால் 20 நிமிடம் போதும்.

கறி வெந்து, பால் பாதியாக வற்றியதும் துருவிய தேங்காயைச் சேருங்கள். இந்தத் துருவல்தான் பியாபாரனுக்கு அடையாளம். அரைத்து ஊற்றக் கூடாது. துருவலாகவே வெந்து, மஞ்சள் நிறம் குடித்து, கோழித்துண்டுகளில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கூடவே முதல் பாலை ஊற்றி, தீயைக் குறைத்து, மூடாமல் 10 நிமிடம். கொதித்துப் பொங்க விட்டால் பால் திரியும். நீளவாக்கில் அரிந்த குடமிளகாயையும் மீதி ஒரு ஸ்பூன் பலாபாவையும் கடைசி 3 நிமிடத்தில் போடுங்கள். வெங்காயத்தாள் தூவி இறக்கிவிடுங்கள். குழம்பு ஓடக்கூடாது, வறுவலாகவும் உலரக்கூடாது.

மல்லித்தூள், சீரகம், கரம் மசாலா, கறிவேப்பிலை எதுவும் சேர்க்காதீர்கள். கை தானாகப் போகும், தெரியும். சேர்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது நம்மூர்த் தேங்காய்ப்பால் கோழிக்குழம்பு ஆகிவிடும்.

மஞ்சள் சோறும் பரிமாறுவதும்

கூடச் சாப்பிடுவது குனிங். அரிசியோடு அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு, ஒரு துண்டு எலுமிச்சைப்புல் சேர்த்து வழக்கம்போல வடிக்காமல் வேகவைத்தால் முடிந்தது. தண்ணீரில் பாதிக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றினால் விருந்துக்கு ஏற்றபடி வரும்.

விருந்து என்றால் மரானாவ் மக்களுக்குப் பகானா. திருமணமோ முக்கிய விருந்தாளி வரவோ, தரையில் பாயும் மெத்தையும் விரித்து, தபாக் எனும் பெரிய பித்தளைத் தாம்பாளங்களில் சோறும் கறிகளும் அடுக்கி நடுவில் வைப்பார்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிடுவார்கள். ஏரிக்கரையில் இருக்கும் துகாயா ஊர்க் கொல்லர்கள் பித்தளை வேலைக்குப் பேர்போனவர்கள். தாம்பாளத்தின் மேல் கொடியும் இலையுமாக ஓடும் ஓகிர் சித்திர வேலைப்பாடு அவர்கள் கைவண்ணம். மஞ்சள் நிறத்துக்கு மரானாவ் அரச குடும்பங்களோடு நெடுங்காலத் தொடர்பு உண்டு. விருந்துத் தாம்பாளத்தில் குனிங் நடுநாயகமாக இருப்பது எனக்கு அதனாலேயே இன்னும் பிடிக்கும்.

வீட்டில் இருக்கும் ஒரு பெரிய தாம்பாளத்தைக் கழுவி எடுங்கள். நடுவில் குனிங்கைக் குவித்து, ஒரு பக்கம் பியாபாரன், இன்னொரு பக்கம் பொரித்த மீன், ஓரத்தில் சின்னக் கிண்ணத்தில் பலாபா. மீனுக்குத் திலாப்பியாவே பொருத்தம். லனாவ் ஏரிக்கென்றே இருந்த கெண்டை இன மீன்களில் 15 வகைகள் அற்றுப்போய்விட்டதாக 2020-இல் அறிவித்தார்கள். வெளியிலிருந்து ஏரிக்குள் வந்த மீன்கள் அவற்றைத் தின்று தீர்த்தது ஒரு காரணம், அளவில்லாமல் பிடித்தது இன்னொன்று. இப்போது ஏரிக்கரை வீடுகளிலும் பொரிபடுவது பெரும்பாலும் திலாப்பியாதான்.

பலாபா மிச்சமானால் மறுநாள் முட்டைப் பொரியலில் ஒரு ஸ்பூன் போடுங்கள். கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்து, பலாபாவும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டுப் பிசைந்தாலும் சோற்றுக்கு வேறெதுவும் கேட்காது. சைவம் சாப்பிடுபவர்கள் இளம் பலாக்காயை வேகவைத்து, கோழிக்குப் பதில் அதையே போட்டுப் பியாபாரன் செய்யலாம்; இரண்டாம் பாலை ஒரு கப்பாகக் குறைத்துக்கொள்ளுங்கள், 15 நிமிடத்தில் ஆகிவிடும்.