முதியவரின் வாழ்க்கைக் கதையைக் கேட்பது எப்படி?

எண்பதைத் தொட்ட தாயோ தந்தையோ ஒரே பழங்கதையை மறுபடியும் சொல்லும்போது, அதை மூப்பின் தடுமாற்றம் என்று உடனே ஒதுக்கிவிடக் கூடாது. மரணம் நெருங்குவதை உணரும் மனம், வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்த்துக்கொள்வது இயல்பானதே என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதினார். உளவியலாளர் எரிக் எரிக்சன் மனித வாழ்க்கைக்கு வகுத்த எட்டுப் பருவங்களில் கடைசியானதும், வாழ்ந்ததை ஏற்கும் நிறைவுக்கும் காலம் கடந்துவிட்டதே என்ற விரக்திக்கும் இடையிலான போராட்டம்தான்.

களைப்பில்லாத காலை வேளையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் பேச்சு வராது. மூலை மடங்கிய திருமணப் புகைப்படத்தையோ, சுண்ணாம்புக் கறை போகாத வெற்றிலைப் பெட்டியையோ கையில் கொடுத்து, "இது யாரு வாங்கிக் கொடுத்தது அம்மா?" என்று கேளுங்கள். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகளே முதுமையில் மிகுதியாக மேலெழும் என்பதால், அங்கிருந்து தொடங்குவது எளிது.

ஆண்டையோ பெயரையோ திருத்தாதீர்கள். பேச்சு முறிந்த தம்பியைப் பற்றியோ, பாதியில் நின்ற படிப்பைப் பற்றியோ வருத்தம் வெளிப்பட்டால், "அதெல்லாம் இப்போ எதுக்கு?" என்று வாயடைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு என்பேன், அழுகை வந்தால் கையைப் பற்றிக்கொண்டு அமைதியாக இருந்தாலே போதும். கைப்பேசியில் பதிவு செய்வதற்கு முன் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். நாட்கணக்கில் உறங்காமல், உணவை மறுத்து, தன்னையே பழித்துக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.