விக்கா மதத்துக்கு முன் ஆதாரம் தேடுவது எப்படி

தக்கலையில் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதிப் பிழைத்தவன் நான். "பரம்பரைச் சொத்து" என்று யார் வந்தாலும், கடைசி ஆதாரத்தை வாங்கிப் பார்த்து அதன் முன் ஆதாரத்தைக் கேட்பேன். தங்கச்சி மகளுக்குக் கல்லூரிக் கருத்தரங்கில் விக்கா என்னும் நவீன சூனிய மதம் பற்றிப் பேச வேண்டுமாம். "கிறிஸ்துவுக்கு முந்தினது மாமா" என்றாள். "சொல்லுறது யாரு மக்களே, அதைப் பாரு" என்றேன்.

கற்காலத்தில் தொடங்காதீர்கள். 1954-இல் தொடங்கிப் பின்னால் போங்கள். விக்காவை வெளியுலகுக்குச் சொன்ன ஜெரால்டு கார்ட்னரின் 'விட்ச்கிராஃப்ட் டுடே' நூல் வந்த ஆண்டு அது. ஆளையும் விசாரியுங்கள்: 1884-இல் பிறந்த இங்கிலாந்துக்காரர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. மலாய் கிரிஸ் கத்தி பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். விக்கா சடங்கின் கறுப்புப் பிடிக் கத்திக்கு அதுதான் மூலம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஐரோப்பியப் பழைய மந்திரச் சுவடிகளிலும் அப்படியொரு கத்தி உண்டு.

அதற்கு முன்பு ஏன் எழுதவில்லை? இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951 வரை இருந்தது. 1949-இல் இதே சங்கதியை அவர் நாவலாகத்தான் வெளியிட்டார்.

இனி அவர் காட்டும் முன் ஆதாரம். 1939-இல் தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு பழைய சூனியக் கூட்டம் தன்னைச் சேர்த்துக்கொண்டது என்றார். அந்தக் கூட்டத்தில் 'ஓல்டு டோரதி' என்று ஒருத்தியைச் சொன்னார். கார்ட்னரின் சிஷ்யை டோரீன் வாலியன்டே விடாமல் தேடி, டோரதி கிளட்டர்பக்கின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பிறந்த வசதியான சீமாட்டி! ஆள் இருந்தது உறுதி. அவள் சூனியக்காரி என்பதற்கு அந்தப் பதிவு சாட்சி ஆகாது. இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

அதற்கும் பின்னால் மார்கரெட் மர்ரே நிற்கிறார். ஐரோப்பாவில் ரகசியமாகப் பழைய மதம் தொடர்ந்தது என்று 1921-இல் எழுதியவர். கார்ட்னரின் நூலுக்கு முன்னுரையும் அவரே. அவர் நம்பியது சூனிய வழக்கு வாக்குமூலங்களை. அவற்றில் பல சித்திரவதையில் வாங்கியவை. வரலாற்றாசிரியர்கள் அந்தக் கருத்தைத் தள்ளிவிட்டார்கள்.

சடங்கு வாசகங்களையும் தனியாகச் சோதியுங்கள். கார்ட்னர் 1947-இல் அலிஸ்டர் கிரௌலி என்ற ஆங்கிலேய மந்திரவாதியைச் சந்தித்தவர். கிரௌலியின் வரிகள் சடங்கில் கிடப்பதை வாலியன்டே கண்டுகொண்டு, பலவற்றை மாற்றி எழுதினார். என்னைக் கேட்டால், விக்காவின் நல்ல கவிதைக்கு அவர்தான் உரிமைக்காரர்.

ஐரோப்பாவில் சூனியக்காரர்கள் என்று தொண்ணூறு லட்சம் பேரை எரித்தார்கள் என்று வாசித்தால், அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். இன்றைய ஆய்வாளர் கணக்கு ஏறத்தாழ 40,000 முதல் 60,000. இங்கிலாந்தில் பெரும்பாலும் தூக்குதான்.

நம்ம ஊர் நாட்டார் தெய்வங்களான முப்பந்தல் இசக்கியையும் கள்ளியங்காட்டு நீலியையும் இதில் இழுக்காதீர்கள். வில்லுப்பாட்டில் வாழும் அவர்களுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

1954-க்குப் பிந்தியது எளிது: இங்கிலாந்தில் தனிக் கிளை தொடங்கிய அலெக்ஸ் சாண்டர்ஸ், அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ரேமண்ட் பக்லண்ட், 1970-களின் பெண்ணியக் குழுக்கள். 1986-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று விக்காவை மதமென்றே ஏற்றது. அதற்குத் தீர்ப்பு நகலே இருக்கிறது.