பிளாட்டிங் லைப்ரரிக்குப் புதியவர்களுக்கான உதாரணம் எழுதுவது எப்படி

வரைபட லைப்ரரிக்குப் புதிதாக வருபவர் ஆவணத்தை மேலிருந்து கீழே படிப்பதில்லை. மாதிரிப் படங்களும் அவற்றின் நிரலும் அடுக்கியிருக்கும் கேலரியைத் திறந்து, தன் மனதில் இருக்கும் படத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்றைக் கண்ணாலேயே தேடி, அதன் நிரலை அப்படியே காப்பி செய்து, அதில் தன் தரவைப் போட்டு ஓட்டிப் பார்க்கிறார். அந்தத் தரவு மாற்றும் நேரத்தில் அவர் தடுமாறாமல் இருக்க வேண்டும். உதாரணம் எழுதும்போது எடுக்கிற எல்லா முடிவுகளையும் இதை வைத்தே எடுங்கள். பைதானின் வரைபட லைப்ரரியான மேட்பிளாட்லிப்பை (Matplotlib) வைத்துச் சொல்கிறேன், மற்ற லைப்ரரிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில், ஓர் உதாரணத்துக்கு ஒரே ஒரு கேள்வி. "பட்டை வரைபடத்தின் வசதிகள்" என்பது கேள்வி இல்லை. "பட்டைக்கு மேல் அதன் மதிப்பை எப்படி எழுதுவது" என்பதுதான் கேள்வி, ஏனென்றால் ஆட்கள் அப்படித்தான் தேடுகிறார்கள். எழுதத் தொடங்கும் முன் கேலரியில் அதே கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அது பழையதாக இருந்தால் அதைத் திருத்துவது புதிதாக ஒன்று சேர்ப்பதை விடப் பெரிய உதவி. இந்தப் பட்டை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: முன்பெல்லாம் ஒவ்வொரு பட்டையின் உயரத்தையும் லூப் போட்டு எடுத்து, எழுத்து எங்கே உட்கார வேண்டும் என்று நாமே கணக்கிட வேண்டியிருந்தது. 2021-இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து பார்_லேபல் (bar_label) என்ற ஒரே அழைப்பு போதும். பழைய லூப்பைச் சுமந்துகொண்டிருக்கும் உதாரணம் ஓடத்தான் செய்யும், ஆனால் தேவையில்லாத கஷ்டத்தைப் புதியவருக்குக் கற்றுத்தரும்.

அடுத்தது தரவு. அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான், பலர் கடந்து போய்விடுகிற இடமும் இதுதான். நம்பை (NumPy) என்ற எண் கணக்கு லைப்ரரியை வைத்து நூறு ரேண்டம் எண்களை உருவாக்கிப் படம் போட்டுவிடுவது நமக்குச் சுலபம். ஆனால் பார்க்கிறவருக்கு அந்தப் படம் சரியா தவறா என்று தெரிய வழியே இல்லை. அதற்குப் பதிலாக ஐந்தாறு எண்களைக் கையால் எழுதுங்கள். எழுதிய எண்ணையும் திரையில் தெரிகிற புள்ளியையும் அவர் விரல் வைத்து ஒப்பிட முடிய வேண்டும். எண்களையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ், ஒய் இரண்டுக்கும் 1, 2, 3, 4 என்றே கொடுத்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் அதே படம்தான் வரும், அதனால் எது எந்த அச்சுக்குப் போகிறது என்பதை அந்த உதாரணம் சொல்லவே இல்லை. எண்களை நிறங்களாகக் காட்டும் ஹீட்மேப்புக்கு நான்குக்கு நான்கு அட்டவணை கொடுத்தாலும் இதே சிக்கல். மூன்று வரிசை, ஐந்து நெடுவரிசை என்று கொடுங்கள், எது வரிசை எது நெடுவரிசை என்று படத்திலேயே தெரிந்துவிடும். முதல் வரிசையில் மட்டும் பெரிய எண்களை வைத்தால், அட்டவணையைப் படமாக வரையும் இம்ஷோ (imshow) முதல் வரிசையை வழக்கமாக மேலேதான் வரையும் என்பதையும் யாரும் விளக்காமலே புரிந்துகொள்வார்கள்.

எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் மாதிரி சில படங்களுக்கு நிறைய எண்கள் வேண்டும்தான். அப்போது ரேண்டம் பயன்படுத்துங்கள், ஆனால் அந்த எண்களைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை (seed) நிலையாக வையுங்கள், இல்லையென்றால் அவர் திரையில் வரும் படமும் பக்கத்தில் இருக்கும் படமும் வேறு வேறாக இருக்கும், தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைப்பார். இணையத்திலிருந்து ஃபைலை இறக்கச் சொல்லும் உதாரணம் புதியவர்களுக்கு வேண்டாம்.

நிரலில் இம்போர்ட் வரிகள் முழுமையாக இருக்கட்டும். சப்பிளாட்ஸ் (subplots) மூலம் ஃபிகரையும் (முழுப் படம்) ஆக்சஸையும் (அதற்குள் வரையும் பகுதி) எடுத்துக்கொண்டு, பிறகு வரைவதையெல்லாம் ஆக்சஸின் மீதே செய்யுங்கள். பாதியை மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் (pyplot) அழைப்புகளில், பாதியை ஆக்சஸில் என்று கலந்தால், இரண்டாவது படத்தைப் பக்கத்தில் சேர்க்க நினைக்கும்போது அவர் குழம்புவார். சொந்தமாக ஃபங்ஷன் எழுதுவது, ஒரே வரியில் ஐந்து வேலை செய்வது, இதெல்லாம் இங்கே தேவையில்லை. அழகுக்காகப் போடும் வரிகளையும் எடுத்துவிடுங்கள்: எழுத்துரு அளவு, ஓரங்களை நீக்குவது, சாய்ந்த எழுத்து எல்லாவற்றையும் புதியவர் கட்டாயம் என்றே எடுத்துக்கொள்வார். அச்சுகளின் பெயரும் அலகும் மட்டும் இருக்கட்டும், காப்பியோடு அந்த நல்ல பழக்கமும் போய்ச் சேரும். நிறமும் அப்படித்தான். மேட்பிளாட்லிப் 2017-இல் 2.0 பதிப்பில் பழைய ஜெட் நிறவரிசையை விட்டு விரிடிஸை இயல்பாக்கியது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும், நிறக்குறைபாடு உள்ளவர் பார்த்தாலும் ஏற்ற இறக்கம் தெரியும். காரணம் இல்லாமல் அதை மாற்றாதீர்கள், சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து வித்தியாசம் காட்டாதீர்கள்.

கமெண்டுகளில் நிரல் என்ன செய்கிறது என்பதைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. எதை மாற்றலாம், மாற்றினால் என்ன ஆகும் என்று எழுதுங்கள்: "ஹிஸ்டோகிராமின் பின்களின் (bins, மதிப்புகளைப் பிரிக்கும் இடைவெளிகள்) எண்ணிக்கையைக் கூட்டினால் பட்டைகள் மெலிதாகும்" என்பது போல. "மிகச் சுலபம்" என்று எங்கேயும் எழுத வேண்டாம். சுலபமாக இல்லாதவருக்கு அது வலிக்கும்.

மேட்பிளாட்லிப் உட்படப் பல திட்டங்கள் கேலரிக்கு ஸ்பிங்க்ஸ் கேலரி (Sphinx-Gallery) என்ற கருவியைப் பயன்படுத்துகின்றன. உதாரணம் என்பது சாதாரண பைதான் ஃபைல்தான். மேலே மூன்று மேற்கோள் குறிகளுக்குள் தலைப்பும் சிறு அறிமுகமும், பிறகு # %% என்ற வரியால் பிரித்துப் பிரித்து விளக்கமும் நிரலும். தலைப்பு இல்லையென்றால் பக்கம் உருவாகாது. அறிமுகத்தின் முதல் பத்தி கேலரியில் படத்தின் மேல் மவுஸை வைக்கும்போது தெரியும், எனவே வரலாறு எதுவும் சொல்லாமல் படம் எதைக் காட்டுகிறது என்பதை அங்கே எழுதுங்கள். பல படங்கள் இருந்தால் எது சிறுபடமாக வர வேண்டும் என்று ஒரு கமெண்ட் வரியில் சொல்லிவிடலாம்.

அனுப்பும் முன் புதிய விர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த பைதான் சூழல்) ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். நிரலைச் செல் செல்லாக ஓட்டும் நோட்புக்கில் எழுதியிருந்தால் இதை விடவே கூடாது, நீங்கள் எப்போதோ நீக்கிவிட்ட செல்லின் வேரியபிள் இன்னும் நினைவகத்தில் இருந்துகொண்டு பிழையை மறைத்திருக்கும். அப்புறம், அந்த லைப்ரரியைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, அவருடைய சொந்த எண்களைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவர் தயங்கும் வரி எதுவோ அதைத்தான் மாற்ற வேண்டும். விளக்கத்தைக் கூட்டுவதை விட வரியையே எளிதாக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

திட்டத்தில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் புல் ரிக்வெஸ்டில் ஓர் உதாரணம் மட்டும் அனுப்புங்கள், பார்க்கிறவர்கள் சீக்கிரம் முடிப்பார்கள். பல திட்டங்களில் ஆவணப் பக்கம் தானாகவே உருவாகி முன்னோட்டத்துக்கான சுட்டி வரும். அதைத் திறந்து, கேலரியில் மற்ற படங்களுக்கு நடுவே உங்கள் சிறுபடத்தைப் பாருங்கள். அந்த அளவில் அது என்ன படம் என்று தெரியவில்லை என்றால் கோடுகளையோ புள்ளிகளையோ குறைத்து மறுபடி அனுப்புங்கள்.