அடிக்கிற கணவரைத் திருத்துகிறோம் என்று நாம் செய்யும் தவறுகள்

"கொஞ்சம் கோபக்காரன், மத்தபடி தங்கமான பையன்." தருமபுரி பக்கம் மனைவியை அடிப்பவரைப் பற்றிக் கேட்டால் முதலில் வரும் பேச்சு இதுதான். தவறு இங்கேயே தொடங்குகிறது. ஓசூர் கம்பெனியில் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டும்போது அதே ஆள் வாய் திறக்காமல் நிற்கிறார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கை நீள்கிறது, அதுவும் வெளியே தெரியாத இடமாகப் பார்த்து. அடக்க முடியாத கோபமென்றால் இந்தக் கணக்கெல்லாம் எப்படி வரும்?

குடியைச் சொல்வதும் அப்படித்தான். குடி அடியைக் கூட்டும், சரி. குடியை விட்ட பிறகும் அவர் ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்து, போனை நோண்டி, அம்மா வீட்டுக்குப் போகவிடாமல் தடுத்தால்? 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் பணத்தை முடக்குவதையும் கேவலமாகப் பேசுவதையும் வன்முறை என்றே சொல்கிறது.

எல்லாவற்றையும்விட மோசமானது, இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து நடத்தும் பஞ்சாயத்து. ராத்திரி அவரோடுதான் வீடு திரும்ப வேண்டும் என்னும்போது அந்தப் பெண் எதைச் சொல்வார்? "நீயும் அனுசரிச்சுப் போம்மா" என்று முடித்துவிடுவார்கள். சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளோ, அடித்ததற்குக் கணவர் நியாயம் பேசவே ஆலோசனையில் (கவுன்சிலிங்கில்) இடமில்லை என்கின்றன. அந்த ஆலோசனைக்கு மாஜிஸ்திரேட் இருவரையும் தனித்தனியாகவும் அனுப்பலாம், தனியாகவே அனுப்பும்படி கேளுங்கள்.

அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980களின் தொடக்கத்தில் அடிக்கும் ஆண்களுக்கென்றே வகுப்புகள் தொடங்கின. கோபத்தை அடக்கும் பயிற்சி இல்லை அது. மனைவியை ஆட்டிப்படைக்கும் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் வேலை. கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட வகுப்புக்கு 52 வாரம். அப்படியும் எல்லாரும் மாறுவதில்லை. ஆய்வு முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. இங்கே நாம் இரண்டு சிட்டிங் முடிந்ததும் பெட்டியோடு பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்! வகுப்புக்குப் போவது வேறு, மாறுவது வேறு. மாறினாரா என்று அவருடைய அம்மாவிடம் கேட்காதீர்கள், மனைவியைத் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், "நான் போயிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிளம்புவது. பிரியும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்களை முதலில் நம்பகமான ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். 181 மகளிர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரையும் பார்க்கலாம். கணவர் வன்முறை செய்யக் கூடாது என்று மாஜிஸ்திரேட் போடும் பாதுகாப்பு ஆணையை வாங்கினால் அதன் நகலைக் கையிலேயே வைத்திருங்கள்: அவர் அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.