பிளஸ் டூ, மைதானம், கடை வேலை: மூன்றையும் சமாளிக்க

கடலூரில் காலையில் அண்ணா விளையாட்டரங்கில் ஓடிவிட்டு, சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் வேலைக்கு நிற்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இது.

முதலில் வேலை. சேரும் அன்றே கடைக்காரரிடம் பேசிவிடுங்கள்: "அண்ணே, சனி ஞாயிறு முழுசா வரேன். மத்த நாள்ல ஏழு மணிக்கு மேல முடியாது. அரையாண்டுப் பரீட்சைக்கு அப்புறம் பொதுத்தேர்வு முடியுறவரை லீவு வேணும்." தீபாவளி வியாபாரம் சூடு பிடித்த பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள். முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பட்டாசுத் தயாரிப்பு போன்ற ஆபத்தான வேலைகளுக்கு 18 வயது ஆகாதவர்களை வைக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பயிற்சியை விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நேரத்தைக் குறையுங்கள், போதும். ஓடி, குளித்து, பஸ் ஏறுவதற்கு முன் கிடைக்கும் அரை மணியில் கணக்குப் போடுங்கள். கடையிலிருந்து களைத்து வந்த ராத்திரிக்கு ஒரு மதிப்பெண் கேள்விகள் சரி. போட்டிச் சான்றிதழ்களை ஒரே ஃபைலில் பத்திரப்படுத்துங்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு.

இன்னொன்று. இயற்பியல், வேதியியலில் 100-க்கு 20 செய்முறைக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. அந்தப் பத்தில் வருகைப் பதிவுக்கும் பங்கு இருக்கிறது. அதனால் மேட்சுக்காக லேப் வகுப்பை மட்டும் தவறவிடாதீர்கள். தவிர்க்கவே முடியாத மேட்ச் என்றால், ஆசிரியரிடம் முன்பே சொல்லி வேறொரு நாளில் அந்தச் சோதனையைச் செய்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.