கிரயப் பத்திரம் பதியும் வாரம்: கடைசி நேரத்தில் எது எது காலை வாரும்?

பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது வங்கியிலிருந்து போன். "சார், வில்லங்கத்துல ஒரு ஒப்படைப்பு அப்படியே நிக்குதே, கேன்சல் பண்ணலையா? இதை முடிக்காம டிடி போட முடியாது." (வில்லங்கம் என்பது சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல். ஒப்படைப்பு என்ன என்று படி 1-ல் வரும்.)

2025 தை மாதம், திருச்சியில் பழைய தனி வீடு ஒன்றை வாங்கிக்கொண்டிருந்தேன். விலை 62 லட்சம். விற்பவர்கள் வயதான கணவனும் மனைவியும். லீகல் ஒப்பீனியன் வாங்கியாயிற்று, கடன் சாங்ஷன் ஆயிற்று, அம்மா நாளும் குறித்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது வந்த போன் அது. அந்த ஒரு வாரத்தில் நான் ஓடிய ஓட்டத்தை வரிசையாக எழுதுகிறேன், உங்களுக்குப் பாதி அலைச்சலாவது மிச்சமாகட்டும். வீடு பார்ப்பது, விலை பேசுவது, மூலப் பத்திரம் சரிபார்ப்பது எதையும் இங்கே தொடவில்லை. அட்வான்ஸ் கொடுத்து, வங்கிக் கடனும் உறுதியான பிறகு இதைப் படியுங்கள்.

படி 1: வில்லங்கத்தை நீங்களே இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்

பத்திர எழுத்தர் போட்டுக் கொடுத்திருப்பார், வக்கீலும் பார்த்திருப்பார். இருந்தாலும் பதிவுக்குப் பத்து நாள் முன்பு பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் நீங்களே தேடுங்கள். பார்வையிடக் காசு கிடையாது. இதை மொபைலில் செய்ய வேண்டாம் என்பது என் கட்சி. கணினியில் திறந்து, பிடிஎஃப் இறக்கி, அச்செடுத்து, கையில் பென்சிலோடு உட்காருங்கள்.

தேடும்போது ஒரு விஷயம். இடத்தின் சர்வே எண் 118/2A என்றால் அதை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். உட்பிரிவு ஆவதற்கு முன் பதிந்த ஆவணங்கள் 118/2 என்றோ வெறும் 118 என்றோ இருக்கும். மூன்றையும் தேடுங்கள்.

இப்போது என்னைக் கவிழ்த்த இடம். வில்லங்கத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் 'தன்மை' என்று ஒரு கட்டம் இருக்கும். கிரயம், தானம், பாகப்பிரிவினை என்றெல்லாம் அதில் வரும். 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று இருந்தால் நிறுத்துங்கள். யாரோ பத்திரத்தை வங்கியில் கொடுத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குக் கீழே, பிந்தைய தேதியில், 'ரசீது' என்று ஓர் ஆவணம் பதிவாகியிருக்க வேண்டும். அந்த ரசீதின் 'முந்தைய ஆவண எண்' கட்டத்தில் ஒப்படைப்பின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டையும் பென்சிலால் கோடு போட்டு ஜோடி சேருங்கள். ஜோடி இல்லாமல் ஓர் ஒப்படைப்பு நின்றால், கடனை எப்போதோ கட்டி முடித்திருந்தாலும், பதிவு ஏட்டில் அடமானம் இன்னும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் 2011-ல் ஓர் ஒப்படைப்பு. கடன் 2017-லேயே முடிந்துவிட்டது. வங்கி பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, 'கடன் நிலுவை இல்லை' என்று கடிதமும் கொடுத்திருந்தது. பெரியவர் அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து பூஜை அறைப் பீரோவில் வைத்திருந்தார். நான் கேட்டதும் எடுத்து நீட்டினார். "கடனே இல்லேன்னு பேங்க்காரனே எழுதிக் குடுத்துட்டான் தம்பி, அப்புறம் என்ன?" அவர் மேல் தப்பில்லை. ரசீது பதிய வேண்டும் என்று அன்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒப்படைப்பு வரியை இரண்டு மாதம் முன்பே பார்த்துவிட்டு, கடிதம்தான் இருக்கிறதே என்று தாண்டிப் போனவன் நான்.

படி 2: ரசீது இல்லையென்றால் என்ன செய்வது

கடன் கொடுத்த வங்கியின் அதிகாரி, 'கடன் தீர்ந்தது, சொத்தின் மேல் எங்களுக்குப் பாத்தியதை இல்லை' என்று ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். எங்களுக்கு மூன்று முடிச்சு விழுந்தது.

முதலாவது, அந்த வங்கியே இப்போது இல்லை. வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. பழைய கிளையும் மூடியாயிற்று. புதிய வங்கியின் கிளையில் லேமினேட் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், அதிலிருந்த கணக்கு எண் அவர்கள் கணினியில் ஏறவே இல்லை. கடைசியில் உதவியது ஒப்படைப்பு ஆவணத்தின் நகல்தான். அதில் கடன் தொகை, தேதி, ஆவண எண் எல்லாம் இருந்தன. ஆகவே வங்கிக்குப் போகும்போது கடிதத்தை மட்டும் நம்பாமல் ஒப்படைப்பின் நகலையும் கொண்டு போங்கள்.

இரண்டாவது, கையெழுத்துப் போடுபவருக்கு வங்கி கொடுத்த அதிகாரப் பத்திரம் வேண்டும். மேலாளர் தயாராக இருந்தார், ஆனால் அவர் பெயருக்கு அதிகாரப் பத்திரம் வந்து சேரவில்லை. வட்டார அலுவலகத்திலிருந்து வேறொருவரை அனுப்பினார்கள்.

மூன்றாவது, ரசீதுக்குத் தனி டோக்கன் (பதிவு அலுவலகத்தில் நேர முன்பதிவு) வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம், காலையில் ரசீது, மதியம் கிரயம் என்று பத்திர எழுத்தர் ஆசை காட்டினார். என் வங்கி ஒப்புக்கொள்ளவில்லை. ரசீது ஏறிய புதிய வில்லங்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டிடி என்று சொல்லிவிட்டது. புதன்கிழமை நடக்க வேண்டிய பதிவு அடுத்த வாரம் திங்களுக்குப் போனது. முகூர்த்தம் போச்சு என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

கடன் சமீபத்தில் முடிந்தது என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கும். கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவான பாத்தியதையையும் நீக்க வேண்டும், வங்கியின் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டிருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் அமல். எங்கள் கேஸ் பழசு, அதனால் அதை வைத்துப் பேச முடியவில்லை.

படி 3: டிடி, ஒரு சதவீதம்

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். எங்களுக்கு 62,000. விற்பவர் இருவர் என்பதால், இந்த வரி கட்ட அன்றிருந்த படிவம் 26கியூபி இரண்டு, ஆளுக்கு 31,000. என் மனைவியும் சேர்ந்து வாங்கியிருந்தால் நான்கு படிவம்.

கணக்கை இப்படிப் போட்டேன். 62 லட்சத்தில் அட்வான்ஸ் 5 லட்சம், வங்கிக் கடன் 40 லட்சம். மீதி 17 லட்சத்தில் 62,000 கழித்து 16,38,000-க்கு என் கையிலிருந்து டிடி. அதாவது பிடித்தத்தை உங்கள் பங்கில்தான் கழிக்க வேண்டும், வங்கியின் டிடி முழுதாகவே வரும். இதை விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பதிவு அலுவலகத் திண்ணையில் வைத்து "62,000 குறையுதே தம்பி?" என்று கேள்வி வந்தால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும். அது அவர் பான் கணக்கில்தான் ஏறும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் என்று நான் மூன்று முறை விளக்கினேன்.

விற்பவரின் பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துவிடுங்கள். இணைக்காமல் செயலிழந்த பான் என்றால் 1 சதவீதம் 20 சதவீதமாகிவிடும். வீட்டம்மா பெயரில் சொத்து இருந்தால் அவசியம் பாருங்கள், வருமானம் இல்லாதவர்கள் பலர் இணைக்காமலே விட்டிருப்பார்கள். 1,000 ரூபாய் கட்டி இணைத்தாலும் உடனே உயிர்பெறாது, நாள் பிடிக்கும்.

டிடியில் பெயர் விற்பவரின் பாஸ்புக்கில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் முன்னால் பின்னால் மாறிய டிடியை விற்கும் அம்மாவின் வங்கி வாங்கிக்கொள்ளுமா என்ற சந்தேகத்திலேயே எனக்கு ஒரு மாலை போனது. டிடி மூன்று மாதம் செல்லும், பதிவு நாலு நாள் தள்ளிப்போனால் பதற வேண்டாம். ரொக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் உண்டு.

படி 4: முத்திரைத் தீர்வை

பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பதிவுக் கட்டணம் 4-லிருந்து 2 ஆனது 2023 ஏப்ரலில். எங்களுக்கு மொத்தம் 5,58,000 ரூபாய். பத்திரத்தில் போட்ட விலையைவிட, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு.

பணத்தை ஆன்லைனில் கட்டப் போனால், என் நெட் பேங்கிங்கில் நாளொன்றுக்கு 2 லட்சம் என்று எப்போதோ நானே வைத்த வரம்பு குறுக்கே நின்றது. உயர்த்தினேன், உடனே அமலாகவில்லை. மனைவியின் கணக்கிலிருந்து கட்டினோம். வரம்பை ஒரு வாரம் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கழிந்து, தளத்தில் ஏறாமல் நின்றால் பதற்றத்தில் மறுபடி கட்டாதீர்கள். சில மணி நேரம் பொறுத்து நிலையைச் சரிபாருங்கள்.

படி 5: டோக்கன்

முகூர்த்த நாளில் கூட்டம் அள்ளும். அன்றைக்குப் பதிவுத்துறை டோக்கனைக் கூட்டித் தருவது வழக்கம். ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் 100-க்குப் பதில் 150, இருவர் இருந்தால் 200-க்குப் பதில் 300. (அரசு அறிவிப்பில் இதற்கு 'முன்பதிவு வில்லை' என்று பெயர், எனக்கு மாத்திரைதான் ஞாபகம் வருகிறது.) நாள் கிழமை பார்க்காதவர் என்றால் சாதாரண நாளில், காலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் வரும்படி எடுங்கள். ஏதாவது கோளாறு என்றால் சரிசெய்ய மதியம் வரை அவகாசம் இருக்கும்.

படி 6: அலுவலகத்தில்

எல்லோரும் ஒரிஜினல் ஆதாரோடு வரவேண்டும். சாட்சி இருவர் போதும், மூவரை அழைத்துப் போங்கள். என் நண்பன் ஒருவன் ஆதார் நகலோடு வந்து நின்றான்.

பெரியவர் முப்பது வருடம் கட்டட மேஸ்திரி. சிமெண்டு தின்ற விரல்கள். கைரேகைக் கருவியில் வலது கட்டை விரலை வைத்தார், விழவில்லை. ஆள்காட்டி, இல்லை. கழுவித் துடைத்து, வேட்டியில் தேய்த்து மறுபடி வைத்தார், இல்லை. பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. ஏழாவது முயற்சியில் இடது கை நடுவிரல் ஏற்றுக்கொண்டது. வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் ஓர் ஈரத் துணியும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

கையெழுத்துக்கு முன் பத்திரத்தில் சர்வே எண், நான்கு எல்லை, சதுரடி மூன்றையும் விரல் வைத்து வாசியுங்கள். அப்புறம் கண்டுபிடித்தால் பிழைத்திருத்தல் ஆவணம் போட வேண்டும், விற்றவரை மறுபடி கூப்பிட வேண்டும். வீட்டுச் சாவி, கடைசி மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது மூன்றையும் அங்கேயே வாங்கிவிட்டேன்.

பின்சேர்க்கை (2025 மே): கருத்துப் பகுதியில் இரண்டு பேர் கேட்டதால் சேர்க்கிறேன்.

மூலப் பத்திரம் இல்லாமல் பதியலாமா என்று ஒருவர். மூலப் பத்திரத்தைக் கட்டாயமாக்கிய, தமிழ்நாடு பதிவு விதிகளின் 55ஏ விதியின் பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது உண்மைதான், ஆனால் அது அன்றைய நிலை. எப்படியானாலும் மூலப் பத்திரத்தைக் கையில் வாங்காமல் கடன் கொடுக்கும் வங்கியை நான் பார்த்ததில்லை. காணாமல் போயிருந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று ஆகிய மூன்றையும் விற்பவரை இன்றே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இன்னொருவருக்கு விற்பவர் துபாயில், தம்பியிடம் பவர் கொடுத்திருக்கிறார். பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்று மருத்துவர் தந்த சான்று வேண்டும், அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். இவர் கையில் இருந்தது 41 நாள் பழசு. பதிவு நாள் தள்ளிப்போனால் இதுவும் காலாவதியாகும், டோக்கன் தேதி உறுதியான பிறகு வாங்கச் சொல்லுங்கள்.